ஆண்டறிக்கை 2025: கொலுவும் குழந்தைகள் படியும்

தலைவர் அவர்களே, பொருளாளர் அக்கா அவர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, பாட்டிகளின் பிடியில் சிக்கிப் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

மதுரையில் இயங்கும் நம் கொலு பொம்மை சேகரிப்போர் சங்கத்தின் 2025ஆம் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். செயற்குழு வழக்கம்போலக் கூடியது. சந்தா பெரும்பாலும் வந்துவிட்டது. வராதது யாருடையது என்று அவரவருக்கே தெரியும். வரவு செலவைப் பொருளாளர் அக்கா தனியே வாசிப்பார். பொம்மை பீரோவின் பூட்டை மாற்றியிருக்கிறோம், சாவி தலைவர் வீட்டில் இருக்கிறது. மற்றபடி இந்த ஆண்டு முழுக்க நாம் பேசியது ஒரே விஷயம்தான்: பிள்ளைகளைக் கொலுவுக்குள் கொண்டு வருவது எப்படி?

கேள்வி எங்கிருந்து வந்தது என்றால், போன பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் எழுந்து, "என் மகளிடம் பொம்மைகளை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். போட்டோ எடுத்து வச்சுக்கறேன்மா, பொம்மை வேண்டாம் என்கிறாள்" என்றார். அன்று யாரும் சிரிக்கவில்லை. நம்மில் பாதிப் பேருக்கு அதே கதை. பரண் இல்லாத அடுக்குமாடி வீட்டில் வைக்கோலும் பழைய வேட்டியும் சுற்றிய பெட்டிகளை எங்கே வைப்பார்கள், பாவம். ஆனால் இடப் பிரச்சினை பாதிதான் என்பது என் கருத்து. சின்ன வயதில் நம் பிள்ளைகளை நாம் பொம்மையைத் தொட விட்டதே இல்லை. "தொடாதே, உடைஞ்சிடும்" என்று கேட்டே வளர்ந்த பெண், நாற்பது வயதில் அதே பொம்மையை ஆசையாக வாங்கிக்கொள்வாள் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். நம் கண்காட்சியிலும் அப்படித்தான் நடந்து வந்தது. கயிறு கட்டி, பலகை எழுதி வைப்போம். சுண்டல் தீர்ந்ததும் பிள்ளைகளும் காணாமல் போய்விடுவார்கள்.

அதனால் வாங்குவதிலிருந்து எடுத்து வைப்பது வரை எல்லாவற்றிலும் பிள்ளைகள் கூட இருக்க வேண்டும் என்று ஆடி மாதச் செயற்குழுவில் முடிவு செய்தோம். முதல் வேலையாக ஒரு வேன் பிடித்து, திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விளாச்சேரிக்குப் போனோம். இத்தனை பக்கத்தில் இருந்தும், கோயிலைச் சுற்றியுள்ள கடைகளிலேயே வாங்கிப் பழகிய நம் உறுப்பினர்கள் பலருக்கு அதுதான் முதல் தடவை. வேளார் குடும்பங்கள் விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார், நவராத்திரிக்குக் கொலு, அப்புறம் கிறிஸ்துமஸுக்குக் குடில் பொம்மை என்று ஆண்டு முழுக்க வேலை செய்கிற ஊர் அது. நாங்கள் போனபோது ஒரு திண்ணையில் பிள்ளையார்களும், அடுத்த திண்ணையில் இன்னும் வண்ணம் பூசாத தசாவதாரமும் காய்ந்துகொண்டிருந்தன.

அங்கே பிள்ளைகள் கற்றுக்கொண்ட முதல் பாடம், பொம்மையைத் தட்டிப் பார்ப்பது. சுட்ட மண் நகத்தால் தட்டினால் கணீரென்று பேசும், தூக்கினால் கனக்கும். காகிதக் கூழ் பொம்மை தொப் தொப் என்று சொல்லும், சின்னப் பிள்ளைகூட ஒரு கையால் தூக்கிவிடலாம். கீழே விழுந்தாலும் சட்டென்று உடையாது. ஆனால் ஈரம் பட்டால் போச்சு, பெட்டிக்குள் பூச்சி அரிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டர் பொம்மைக்கு மூக்கும் விரலும் கூர்மையாக வரும், ஓரம் பெயர்ந்தால் உள்ளே வெள்ளை தெரியும். இதையெல்லாம் நான் புத்தகம் போல விளக்கலாம் என்று நினைத்திருந்தேன். அதற்குள் பிள்ளைகள் திண்ணையிலிருந்த அத்தனை பொம்மைகளையும் தட்டி முடித்துவிட்டார்கள்.

ஒரு வீட்டில் அம்மா ஒருவர் அச்சில் கூழை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார். முன்பாதி தனி அச்சு, பின்பாதி தனி அச்சு. இரண்டையும் எடுத்து ஒட்டி, ஒட்டிய தடம் தெரியாமல் விரலால் வழித்து விடுகிறார். காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை அடித்து, அதற்கு மேல்தான் வண்ணம். கண் கடைசியில். கல்யாண செட் வரிசையில் வெள்ளை மட்டும் அடித்து வைத்திருந்த தவில்காரரை என் பேத்தி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஏழு வயது, பிடித்தால் விடமாட்டாள். "இதுதான் வேணும். இப்படியே வேணும்" என்றாள். அந்த வீட்டுப் பெரியவர், "செட்டைப் பிரிச்சா மேளம் இல்லாத கல்யாணமாப் போயிடும் பாப்பா" என்று சிரித்தார். அப்புறம் உள்ளே போய், அச்சிலிருந்து எடுக்கும்போது காது சப்பையாகிப் போன வேறொரு தவில்காரரைக் கொண்டு வந்தார். ஆனாலும் கண் திறக்காமல் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. கடைசியில் மெல்லிய தூரிகையைப் பேத்தி கையில் கொடுத்து, "நீயே திறந்து விடு" என்றார். இடது கண் ஒரு புள்ளியோடு நின்றது, வலது கண் கன்னம் வரைக்கும் ஓடியது. அவர் திருத்திக் கொடுக்கிறேன் என்றும் இவள் விடவில்லை. தவில்காரர் அப்படியே வேனில் ஏறினார்.

இங்கே ஒரு குறையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்மவர்கள் சிலர் அங்கே போயும், நடைபாதைக் கடையில் பேசுவது போலவே பாதி விலைக்குக் கேட்டார்கள். ஒரு பையன், "ஏன் பாட்டி குறைச்சுக் கேக்கறீங்க? அவங்க காலையிலிருந்து பண்றாங்கல்ல" என்றான். பாட்டி பதில் சொல்லவில்லை, பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். பேரம் பேசக் கூடாது என்று சங்கம் சட்டம் போட முடியாது. செய்கிறவர் வீட்டு வாசலில், அதுவும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேண்டாமே என்பது செயலாளரின் தனிப்பட்ட வேண்டுகோள்.

அடுத்து நவராத்திரி. 2025இல் மகாளய அமாவாசை செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமையாக வாய்த்தது நமக்கு வசதியாகப் போனது. பள்ளி விடுமுறை என்பதால் படி கட்டவும் பொம்மை எடுத்து வைக்கவும் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். 22ஆம் தேதி தொடங்கிய நவராத்திரி, ஒரு திதி இரண்டு நாளுக்கு நீண்டதால், அக்டோபர் 1 சரஸ்வதி பூஜையோடு சேர்த்துப் பத்து நாளாகிவிட்டது. ஒன்பது பேருக்குச் சுண்டல் முறை போட்டிருந்த நம் பட்டியலில் பத்தாவது நாளுக்கு ஆள் இல்லை. கடைசியில் தலைவரே கொண்டைக்கடலை ஊறப் போட்டார். நன்றாகவே வந்தது, உப்பு மட்டும் கொஞ்சம் கூட.

கண்காட்சியில் பொம்மைகளை இம்முறை மூன்றாகப் பிரித்தோம். ஒன்பது படியில் இருப்பது பார்க்க மட்டும். பக்கத்து மேசையில் இருப்பது உரியவரைக் கேட்டுவிட்டுத் தொட. தரையில் பாய் விரித்து வைத்தது எடுத்து விளையாட. பாயில் மரபொம்மைகளையும் தஞ்சாவூர்த் தலையாட்டிகளையும் வைத்தோம். அடிப்பக்கம் உருண்டையாகவும் கனமாகவும் இருப்பதால், தலையாட்டியை எத்தனை முறை சாய்த்தாலும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். இதை நம்ப மறுத்த ஒரு மூன்று வயதுக்காரர் மாலை முழுக்கச் சோதித்துப் பார்த்தார்.

சன்னபட்டணத்துப் பொம்மையும் ஏட்டிகொப்பாக்கா பொம்மையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று பெங்களூரு மைசூரு சாலையில் இருக்கும் கர்நாடக ஊர், மற்றது ஆந்திரத்தில் வராக நதிக் கரை. இரண்டு ஊர்க்காரர்களும் கடைவது ஒரே மரம்தான், நம் ஊர் வெட்பாலை. தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் அதை அழகாகச் சொன்னார். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்திப் பிடித்தால், அந்தச் சூட்டிலேயே அரக்கு உருகி நிறம் ஏறிவிடும். அப்புறம் தாழை மடலால் தேய்த்தால் பளபளப்பு வரும். பிள்ளைகள் எல்லோரும் பொம்மையை முகர்ந்து பார்த்தார்கள், எதற்கென்று தெரியவில்லை.

மரப்பாச்சிக்குத்தான் கூட்டம். பாட்டியின் கல்யாணச் சீராக வந்த செம்மர ஜோடி ஒன்றை ஒரு மாமி தைரியமாகப் பாயில் வைத்தார். அவற்றுக்குப் புது உடுப்பு தைக்கிற வேலை முழுவதையும் பிள்ளைகளிடமே விட்டோம். தையல்காரர் கொடுத்த துண்டுத் துணியில் பாவாடை, தாவணி, ஒரு நாள் சுடிதார். ஒரு பையன் முதலுதவிப் பெட்டியிலிருந்த கட்டுத்துணியை எடுத்து ராஜாவுக்கு வேட்டி கட்டிவிட்டான். கரை இல்லையே என்றதற்கு, ஸ்கெட்ச் பேனாவால் பச்சைக் கரை போட்டான்.

மீனாட்சி அம்மன் கோயில் கொலுவுக்கும் ஒரு மாலை பிள்ளைகளை அழைத்துப் போனோம். கொலு மண்டபத்தில் அம்மன் நாளுக்கு ஓர் அலங்காரத்தில் வீற்றிருப்பதும், திருவிளையாடல் காட்சிகளை வைத்திருப்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. உள்ளே செல்போன் கொண்டு போக முடியாது என்பது இம்முறை நல்லதாகப் போயிற்று. படம் எடுக்க வழியில்லாததால், பார்த்ததை மறுநாள் வரைந்து கொண்டுவரச் சொன்னோம். கல் யானை கரும்பு தின்பதைப் பலரும் வரைந்திருந்தார்கள். ஒரு படத்தில் அம்மன் கையில் ஒன்றுக்குப் பதிலாக ஐந்து கிளிகள். அடுத்த ஆண்டு போகிறவர்களுக்கு ஒரு யோசனை: மாலை நான்கு மணிக்கு நடை திறந்ததும் போய்விடுங்கள், ஆறு மணிக்கு மேல் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரியும்.

இப்போது உடைந்த கணக்கு. தசாவதார செட்டில் வாமனரின் குடை போயிற்று. கேட்டுத் தொடுகிற மேசையில், கேட்டுத்தான் தொட்டான், கை வழுக்கிவிட்டது. பையன் அழுதான், அவன் அம்மா திட்டினார். பொம்மைக்கு உரிய மாமாவோ, "குடை போனால் என்ன, மழை இன்னும் ஆரம்பிக்கலையே" என்றார். மறுநாள் அவரும் அந்தப் பையனுமாக உட்கார்ந்து ஈர்க்குச்சியிலும் காகிதத்திலும் புதுக் குடை செய்து ஒட்டினார்கள். பழையதைவிடக் கொஞ்சம் பெரிய குடை. மேசையில் வேறு சேதம் இல்லை. அட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது பெரியவர்கள் உடைத்ததை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

பிள்ளைகள் தங்கள் பொம்மைகளை வைக்க இம்முறை கண்காட்சியில் அமைத்த குழந்தைகள் படி பற்றி மூத்த உறுப்பினர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கீழ்ப்படியிலிருந்து மேலே போகப் போக உயிர்கள் உயர்ந்து தெய்வத்தில் முடிய வேண்டிய கொலுவில் ஸ்பைடர்மேனுக்கு என்ன வேலை என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். குழந்தைகள் படி ஒன்பது படியில் சேராமல், தள்ளி, தனியாகவே இருந்தது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அதற்கும் ஒரு விதி இருந்தது: எந்தப் பொம்மை வைத்தாலும் அது எங்கிருந்து வந்தது, யார் செய்தது என்று விசாரித்து அட்டை எழுதி வைக்க வேண்டும். ஸ்பைடர்மேன் அட்டையில், "மாமா துபாயிலிருந்து வாங்கி வந்தது. முதுகில் சைனா என்று இருக்கிறது. யார் செய்தது என்று மாமாவுக்குத் தெரியவில்லை" என்று எழுதியிருந்தது. தவில்காரர் அட்டையில், "விளாச்சேரி. கண் நான் திறந்தேன்." மணலில் கேழ்வரகு விதைத்துப் பச்சை முளைக்க வைத்த பூங்காவுக்கு, "விதைத்தது நாங்கள், முளைத்தது தானாக" என்று இருந்தது. இந்த அட்டைகளைப் படிக்க நின்றவர்கள் ஒன்பது படியின் முன் நின்றவர்களைவிட அதிகம் என்று நுழைவாயிலில் இருந்த தொண்டர்கள் சொல்கிறார்கள். ஒன்பது படிப் பொம்மைகளுக்கும் இப்படி அட்டை எழுத உட்கார்ந்தபோது நம்மில் பலருக்கே விவரம் தெரியவில்லை. பண்ருட்டியா, காஞ்சிபுரமா, மாமியாரா, நாத்தனாரா என்ற அளவில்தான் ஞாபகம் இருந்தது.

அதனால் செயற்குழு சார்பில் சில தீர்மானங்களைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். குழந்தைகள் படி ஆண்டுதோறும் தொடர வேண்டும், அதன் பொறுப்பு பிள்ளைகளிடமே இருக்க வேண்டும். சங்கத்துக்குத் தேவையான பொம்மைகளுக்கு விளாச்சேரியில் சித்திரையிலேயே முன்பணம் கொடுத்துச் சொல்லிவிட வேண்டும். கடைசி வாரத்தில் ஓடிப்போய் இருப்பதை வாங்கினால் நமக்கும் கிடைப்பதில்லை, மழையில் பொம்மை காயாமல் அவர்களுக்கும் கஷ்டம். ஒவ்வோர் உறுப்பினரும் தம் பொம்மைகளின் வரலாற்றை ஒரு நோட்டில் எழுத வேண்டும். பேரப்பிள்ளைகள் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது.

நான்காவதாக ஒன்று, பொருளாளர் அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது. டெல்லியில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965இல் திறந்த பொம்மை அருங்காட்சியகம் இருக்கிறது. தாம் நடத்திய குழந்தைகள் போட்டிக்குப் பரிசாக வந்த ஒரு ஹங்கேரிப் பொம்மையைப் பார்த்து ஆசைப்பட்டுச் சேகரிக்கத் தொடங்கியவர் அவர். பிள்ளைகள் அங்கே போகக் கேட்கிறார்கள். சங்க நிதியில் முடியாது என்பது எனக்கும் தெரியும். விருப்பமுள்ள குடும்பங்கள் சொந்தச் செலவில் சேர்ந்து போக ஏற்பாடு மட்டும் செய்து தரலாமா என்று விவாதிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

மண்டபம் கொடுத்த குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும், துண்டுத் துணி தந்த தையல்காரருக்கும், சுண்டல் முறை எடுத்தவர்களுக்கும், விளாச்சேரியில் எங்களைத் திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்த வீட்டாருக்கும் நன்றி. நவராத்திரி எட்டாம் நாள் பாசிப்பயறு சுண்டல் வந்த பித்தளைத் தூக்கு இன்னும் என் வீட்டில் இருக்கிறது, உரியவர் வாங்கிக்கொள்ளவும். தீர்மானங்கள் மீது உறுப்பினர்கள் பேசலாம்.

செயலாளர்