முதலில் முன் சக்கரத்துக்குப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்போர்ட்ஸ் கார்களின் பெயிண்ட் பராமரிப்பு பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெயிண்ட் மேல் பூசும் செராமிக் கோட்டிங் பற்றி அவ்வளவு விரிவாக எழுதியவர், சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் மட்ஃபிளாப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. கார் பெயிண்டிங்தான் என் தொழில். அதனால் சும்மா இருக்க மனம் வரவில்லை.

இந்த வண்டிகளில் பானெட்டை விட்டால் அதிகம் அடி வாங்குவது பின் ஃபெண்டரின், அதாவது பின் சக்கரத்தைச் சுற்றியுள்ள பாடித் தகட்டின் முன்பக்கமும், கதவுக்குக் கீழே உள்ள பகுதியும்தான். குனிந்து பார்த்தால் பொட்டுப் பொட்டாகப் பெயிண்ட் தெறித்து, அடியில் முதல் பூச்சான பிரைமர் தெரியும். வேலையைக் காட்டுவது அதே வண்டியின் முன் டயர். அகலமான டயர், மிருதுவான ரப்பர். சூடேறிவிட்டால் பொடிக்கல்லெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு பின்னால் பறக்கும். பின் ஃபெண்டரோ கதவைத் தாண்டிப் புடைத்து நிற்கிறது. கம்பெனி பெயிண்ட் மொத்தமே 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). செராமிக் கோட்டிங் அதன்மேல் சில மைக்ரான். அழுக்கு ஒட்டாது, சரி. கல்லை அது தடுக்காது.

அதனால் மட்ஃபிளாப் ஒரு ஜோடிதான் போட முடியும் என்றால் முன் சக்கரத்துக்குப் போடுங்கள். பின் சக்கரத்து மட்ஃபிளாப்பால் பெரும்பாலும் பின்னால் வரும் வண்டிக்குத்தான் நன்மை.

பாடி கலரில் வரும் கெட்டி பிளாஸ்டிக் மட்ஃபிளாப் பார்க்க அழகுதான். ஆனால் வண்டியே தரையோடு தாழ்ந்தது. ரிவர்ஸ் எடுக்கும்போது நடைபாதை விளிம்பில் மாட்டினால், அது உடையும். இல்லையென்றால் ஃபெண்டருக்கு உள்ளே சக்கரத்தைச் சுற்றியிருக்கும் லைனர் என்ற உறையையும் சேர்த்துப் பிய்க்கும். ராலி கார்களில் போடும் பாலியூரித்தேன் தகடுதான் என் தேர்வு. 3, 4 மில்லிமீட்டர் கனம் போதும். கையால் நன்றாக மடக்கி விட்டுப் பாருங்கள், பழையபடி நிமிர வேண்டும். ரொம்ப மெல்லியதாக இருந்தால் வேகத்தில் காற்றுக்கு மடிந்துகொள்ளும், போட்டும் பயனில்லை. அகலம் டயரின் வெளி விளிம்பைக் கொஞ்சம் தாண்டினால் போதும். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, டயர் உரசுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மாட்டும் விதத்தில்தான் எனக்குக் கோபமே வருகிறது. ஃபெண்டரில் ட்ரில் போட்டுவிடுகிறார்கள். ஓட்டை போட்ட இடத்தில் வெறும் இரும்பு. பெயிண்டுக்கு அடியிலேயே துரு ஓடும். லைனரில் ஏற்கெனவே இருக்கும் ஸ்க்ரூக்களிலேயே மாட்டும்படி அந்தந்த மாடலுக்கென்று வெட்டிய மட்ஃபிளாப் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் ஒன்று. மட்ஃபிளாப் பெயிண்டைத் தொடும் இடத்தில் மண் போய்ச் சேரும். வண்டி ஓடும் அதிர்வில் அது தேய்த்துக்கொண்டே இருக்கும். கழற்றிப் பார்த்தால் அந்த இடம் மட்டும் வாட்டர் பேப்பர் (உப்புத்தாள்) போட்டுத் தேய்த்த மாதிரி மங்கியிருக்கும். மாட்டுவதற்கு முன்பே அங்கே பிபிஎஃப் எனும் பாதுகாப்பு ஃபிலிமில் ஒரு துண்டு வெட்டி ஒட்டிவிட வேண்டும். அவ்வப்போது ஸ்க்ரூவைத் தளர்த்தி உள்ளே தண்ணீர் அடித்துக் கழுவுவதும் அவசியம்.

அடுத்த முறை இதற்கும் உங்கள் பக்கத்தில் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
கார் பெயிண்டர் ஒருவர்