நாம் பாடாவிட்டால் அவருக்கு என்ன குறை?

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நாங்கள் சுகம். அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி போட்டுவிடுகிறார்கள், கோயிலுக்குப் போயே மாசக்கணக்காகிறது என்று போனில் சொன்னாய். கூடவே, "நாம பாடாட்டி ஆண்டவருக்கு என்னம்மா குறைஞ்சிடும்?" என்றும் கேட்டாய். அலுப்பில் கேட்டிருந்தாலும் அது நல்ல கேள்வி. போனில் சொல்லி முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

அவருக்கு ஒன்றும் குறையாது மகளே. வேதமே அப்படித்தான் சொல்கிறது. "நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன்" என்கிறார் 50-ம் சங்கீதத்தில். அத்தேனே பட்டணத்தில் பவுலும் இதையேதான் பேசினார்: எல்லாருக்கும் ஜீவனையும் சுவாசத்தையும் கொடுக்கிறவருக்கு நம் கையிலிருந்து ஆகவேண்டியது எதுவும் இல்லை.

இதன் அருமை தெரியவேண்டுமானால் பாபிலோனியரின் படைப்புக் கதையைப் பார்க்க வேண்டும். நினிவேயின் இடிபாடுகளில் கிடைத்த களிமண் பலகைகளிலிருந்து அதை மொழிபெயர்த்து 1876-ல் வெளியிட்டவர் ஜார்ஜ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர். மர்தூக் என்ற தேவன் தியாமத் என்ற கடல் தேவியைக் கொன்று, அவள் உடலை இரண்டாகப் பிளந்து வானத்தையும் பூமியையும் ஆக்குகிறான். பிறகு அவள் படைத்தலைவன் கிங்கு என்பவனின் ரத்தத்திலிருந்து மனிதன் உண்டாகிறான். எதற்கு? தேவர்களின் வேலைப்பளுவை ஏற்றுக்கொள்ள. அவர்கள் இளைப்பாற வேண்டும், மனிதன் உழைக்க வேண்டும். எருசலேம் விழுந்து யூத ஜனங்கள் சிறைப்பட்டுப் போனது இந்தக் கதை வழங்கிய பாபிலோனுக்குத்தான்.

ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார். சண்டை இல்லை, ரத்தம் இல்லை. அவர் சொல்ல ஆகிறது. மூன்றாம் நாளில் புல்லும் கனிமரமும் முளைத்துவிடுகின்றன, பல தேசத்தார் விழுந்து கும்பிட்ட சூரியன் நாலாம் நாள்தான் வருகிறது. ஆறாம் நாளில் மனுஷன். மறுநாளே ஓய்வு! அவன் கண்ட முதல் முழு நாள் ஓய்வு நாள். எனக்கு அந்த அதிகாரத்தில் மிகவும் பிடித்தது இதுதான். அவன் இன்னும் ஒரு வேலையும் செய்து முடிக்கவில்லை, அதற்குள் தம்முடைய இளைப்பாறுதலுக்குள் அவனைக் கூட்டிக்கொள்கிறார். யாத்திராகமம் 23-க்கு வந்தால் அந்த ஓய்வு மாட்டுக்கும் கழுதைக்கும் அடிமைப்பெண்ணின் பிள்ளைக்கும்கூட உண்டு. ஆராதனையைக் கூலி வேலைபோல நினைத்து, செய்யாத நாளுக்குக் கணக்குப் பார்த்து மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

பாட்டை ஆரம்பித்தவர்களும் நாம் இல்லை. பூமிக்கு அஸ்திபாரம் போட்டபோது விடியற்காலத்து நட்சத்திரங்கள் ஏகமாய்ப் பாடின என்று யோபு 38-ல் இருக்கிறது. 148-ம் சங்கீதத்தில் தேவதூதர், சூரியன், கல்மழை, பெருங்காற்று, கேதுரு, ஊரும் பிராணி, பறவை எல்லாம் துதித்த பிறகுதான் மனிதர் வரிசைக்கு வருகிறார்கள். வெளிப்படுத்தின விசேஷம் 4-ல் சிங்காசனத்தைச் சுற்றியுள்ள நான்கு ஜீவன்களில் ஒன்றுக்குத்தான் மனுஷ முகம். அவை முதலில் துதிக்கின்றன, அப்புறம்தான் 24 மூப்பர்களும் விழுந்து, "நீரே சகலத்தையும் சிருஷ்டித்தீர்" என்கிறார்கள். நீ டியூட்டியில் நிற்கிற ஞாயிற்றுக்கிழமையிலும் அந்தத் துதி நடந்துகொண்டேதான் இருக்கிறது.

அதற்காகக் கோயிலே வேண்டாம் என்று நான் சொல்லுவேனா? நம் காலை ஆராதனையில் படிக்கிற 95-ம் சங்கீதம், பூமியின் ஆழங்களும் மலைகளும் சமுத்திரமும் யாருடையவை என்று முதலில் சொல்லுகிறது. அதன் பிறகுதான் நம்மை உண்டாக்கினவருக்கு முன்பாக முழங்காற்படியிட வாருங்கள் என்று கூப்பிடுகிறது. போகாவிட்டால் இழப்பு உனக்குத்தான். அவரை விட்டுவிட்ட மனுஷர் சும்மா இருந்துவிடவில்லை, சிருஷ்டியையே தொழுதார்கள் என்கிறார் பவுல், ரோமர் முதல் அதிகாரத்தில். இப்போது அந்த இடத்தில் சம்பளமும் வேலையும் வந்து உட்கார்ந்துகொள்ளும். உன் அசதியைப் பார்த்தால் எனக்கு அந்தப் பயம் இருக்கிறது.

லீவு நாளில் யோபு 38-லிருந்து 41 வரை ஒரே மூச்சில், வாய்விட்டு வாசி. மனுஷரே இல்லாத வனாந்தரத்தில் மழை பெய்யப்பண்ணுகிறவரைப் பற்றி அதில் இருக்கிறது. 39-ம் அதிகாரம் "வரையாடுகள் ஈனுங்காலத்தை அறிவாயோ?" என்று தொடங்கும். பிரசவ வார்டில் ராத்திரி முழுக்க நிற்கிற உனக்கு அது என்னைவிட நன்றாகப் புரியும். வாசித்துவிட்டுக் கூப்பிடு. அங்கே ஞாயிறு சாயங்கால ஆராதனை எத்தனை மணிக்கு என்றும் விசாரித்து வை.

அன்புடன்,
அம்மா