ஜிம் தோர்ப்பின் பெயரை மீட்டுத் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

ஹியூகோ வீஸ்லாண்டர் ஐயாவின் குடும்பத்தாருக்கும், தோர்ப்பின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ராபர்ட் வீலர், அவர் மனைவி ஃபுளோரன்ஸ் ரிட்லன் தம்பதியருக்கும், ஜிம் தோர்ப்பின் பிள்ளைகளுக்கும், தோர்ப்புக்காக எழுதிய மனுவில் கையெழுத்துப் போட்ட அத்தனை பேருக்கும் வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளுக்குத் தடகளம் சொல்லித்தருவது என் வேலை. பத்துப் போட்டிகள் சேர்ந்த டெகத்லானைப் பற்றிப் பேச்சு வந்தால் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கிலிருந்துதான் தொடங்குவேன். இன்று நாம் பார்க்கும் பத்துப் போட்டிகளும் ஒலிம்பிக்கில் ஒன்றுசேர்ந்தது அங்கேதான். "அதில் ஜெயித்தது யார் சார்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நேராகப் பதில் சொல்ல முடியாது. அதிகாரபூர்வப் பட்டியலில் தங்கத்துக்கு நேரே இரண்டு பெயர்கள் இருந்தன. 2022 ஜூலை 15 முதல் ஜிம் தோர்ப் என்ற ஒரே பெயர் இருக்கிறது. அதைச் சாத்தியமாக்கியவர்கள் நீங்கள். எங்கோ தமிழில் எழுதும் ஒருவனின் நன்றி உங்களை வந்து சேருமா என்று தெரியாது. ஆனாலும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

தோர்ப்பை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இன்று ஓக்லஹோமா என்று அழைக்கப்படும் பகுதியில், சாக் அண்ட் ஃபாக்ஸ் என்ற பூர்வகுடி இனத்தில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் வா-தோ-ஹக், 'ஒளிமிக்க பாதை' என்று பொருள். இரட்டையராகப் பிறந்த சகோதரனைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தார். பூர்வகுடிப் பிள்ளைகளின் முடியை வெட்டி, தாய்மொழியைப் பேசவிடாமல், 'நாகரிகம்' கற்பிப்பதாகச் சொன்ன கார்லைல் விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். ஒருநாள் அங்கே உயரம் தாண்டும் பையன்கள் தடுமாறிய கம்பியை வேலை உடுப்போடு அநாயாசமாகத் தாண்டினார் என்பார்கள். அதன்பிறகுதான் பயிற்சியாளர் பாப் வார்னரின் பார்வை அவர் மீது விழுந்தது.

ஸ்டாக்ஹோமுக்குப் போகும்வரை தோர்ப் ஒரு டெகத்லானில்கூட இறங்கியதில்லை. அங்கே முதலில் பென்டத்லான். ஐந்து போட்டிகளில் நான்கில் முதலிடம். அப்புறம் டெகத்லான், மூன்று நாட்கள். குண்டு எறிதல், உயரம் தாண்டுதல், 110 மீட்டர் தடை ஓட்டம், 1500 மீட்டர் ஆகிய நான்கிலும் முதலிடம். மற்ற ஆறில் எதிலும் நான்காம் இடத்துக்குக் கீழே போகவில்லை. டெகத்லான் பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில் என்னை வியக்க வைப்பது இந்தக் கடைசிச் செய்திதான். குண்டு எறிபவருக்குத் தேவையான உடல் வேறு, 1500 மீட்டர் ஓடுபவருக்குத் தேவையான உடல் வேறு. ஒன்றை வளர்த்தால் மற்றது குறையும். மூன்றாம் நாள், ஒன்பது போட்டிகளின் களைப்போடு, 1500 மீட்டரை 4 நிமிடம் 40.1 விநாடியில் முடித்திருக்கிறார். மொத்தம் 8412 புள்ளிகள். இரண்டாவதாக வந்த ஸ்வீடன் வீரர் வீஸ்லாண்டர் எடுத்தது 7724.

ஆறு மாதம்தான் அந்த மகிழ்ச்சி. 1909, 1910 கோடைகளில் வட கரோலினாவில் சொற்பக் கூலிக்குப் பேஸ்பால் ஆடியிருந்தார் என்று 1913 ஜனவரியில் ஒரு செய்தித்தாள் எழுதியது. காசுக்கு விளையாடியவர் ஒலிம்பிக்கில் ஆடக் கூடாது என்பது அன்றைய விதி. கல்லூரி மாணவர்கள் பலர் இதையேதான் புனைபெயரில் செய்துகொண்டிருந்தார்கள். தோர்ப் சொந்தப் பெயரிலேயே ஆடினார். விவரம் தெரியாத பள்ளிப் பையனாக இருந்தேன், மன்னியுங்கள் என்று எழுதிக்கூடப் பார்த்தார். பதக்கங்கள் பறிக்கப்பட்டன, சாதனைகள் அழிக்கப்பட்டன. பூர்வகுடிகள் அனைவரையும் குடிமக்களாக ஏற்கும் சட்டம்கூட அமெரிக்காவில் 1924-இல்தான் வந்தது. அப்படிப்பட்ட நாளில் அந்த இளைஞருக்காக யார் வாதாடப் போகிறார்கள்?

பாப் வார்னருக்கு இந்த மடலில் நன்றி சொல்ல வேண்டுமா என்று நிறைய யோசித்தேன். தோர்ப்பைத் தடகளத்துக்குக் கொண்டுவந்தவர் அவர், அதற்கு நன்றி உண்டு. ஆனால் பிரச்சினை வெடித்ததும், பேஸ்பால் ஆடியது எனக்குத் தெரியாது என்று ஒதுங்கிக்கொண்டார். வரலாற்றை எழுதியவர்கள் பலர் அதை நம்பவில்லை, நானும் நம்பவில்லை. மாணவன் மாட்டிக்கொண்டால் பக்கத்தில் போய் நிற்பதும் பயிற்சியாளரின் வேலைதான்.

வீஸ்லாண்டர் ஐயா, உங்களுக்குத்தான் என் முதல் வணக்கம். தங்கம் உங்கள் பெயருக்கு மாற்றப்பட்டது. சொந்த ஊர் ஒலிம்பிக், சொந்த நாட்டு மக்கள். வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்களோ தோர்ப்தான் உண்மையான வெற்றியாளர் என்று கருதினீர்கள், அந்தத் தங்கத்தை உங்களுடையதாக ஏற்கவேயில்லை. 2022-இல் உங்கள் நாட்டு ஒலிம்பிக் கமிட்டியும் உங்கள் உறவினர்களும் சர்வதேசக் கமிட்டியிடம் இதைத்தான் சொன்னார்கள். நீங்கள் மறைந்தது 1976-இல். இத்தனை ஆண்டுகள் கழித்தும் உங்கள் குடும்பம் அந்தச் சொல்லைக் காப்பாற்றியது. எங்கள் பிள்ளைகளுக்குத் தோர்ப்பின் 8412-ஐச் சொல்லும்போது உங்கள் 7724-ஐயும் சேர்த்தே சொல்கிறேன். பென்டத்லானில் தங்கள் வீரர் ஃபெர்டினான்ட் பீயின் பெயர் இரண்டாம் இடத்துக்குப் போகும் என்று தெரிந்தும் சம்மதித்த நார்வே ஒலிம்பிக் கமிட்டிக்கும் இதே வணக்கம்.

அடுத்து வீலர், ரிட்லன் இருவருக்கும். ஸ்டாக்ஹோமில் தோர்ப்புடன் அதே போட்டிகளில் ஆடித் தோற்ற ஏவரி பிரண்டேஜ் 1952 முதல் 1972 வரை சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தலைவராக இருந்தார். அவர் இருந்தவரை பதக்கம் திரும்பவில்லை. அந்த நிலையில் எத்தனை பேர் சலித்துப் போயிருப்பார்கள்! நீங்கள் காகிதங்களைத் தேடினீர்கள். ரிட்லன் அம்மா, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் 1912 ஒலிம்பிக்கின் விதிப்புத்தகத்தைக் கண்டெடுத்தது நீங்கள்தான். ஒருவருடைய தகுதியை எதிர்ப்பவர்கள் 30 நாளுக்குள் சொல்லிவிட வேண்டும் என்று அதில் இருந்தது. தோர்ப் மீதான புகார் வந்ததோ ஆறு மாதம் கழித்து. அவர்களுடைய விதிப்படியே அந்தப் பறிப்பு செல்லாது. 1982-இல் பதக்கங்களைத் திருப்பித் தர சர்வதேசக் கமிட்டி இறங்கி வந்தது இதனால்தான். ஆவணத்தைத் தேடிப் படிக்கிற பொறுமையைவிடப் பெரிய உதவி தோர்ப்புக்கு வேறு யாரும் செய்துவிடவில்லை என்றே நினைக்கிறேன்.

தோர்ப்பின் பிள்ளைகளே, அப்பா 1953-இல் வறுமையில் மறைந்தார். நியூயார்க் ஜயன்ட்ஸுக்குப் பேஸ்பால், கான்டன் புல்டாக்ஸுக்கு அமெரிக்கக் கால்பந்து, பிறகு என்.எஃப்.எல். என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்காக வளர்ந்த அமைப்பின் முதல் தலைவர் பதவி என எல்லாம் பார்த்த மனிதர் பிற்காலத்தில் பள்ளம் தோண்டியும் பிழைத்தார். அவர் போன பிறகும் நீங்கள் விடவில்லை. 1983 ஜனவரியில் புதிதாக வார்த்த பதக்கங்கள் உங்கள் கைக்கு வந்தன. அத்தோடு முடிந்தது என்று ஊர் நினைத்தது. ஆனால் பட்டியலில் அவர் அப்போதும் கூட்டு வெற்றியாளராகத்தான் இருந்தார். அந்தக் குறையையும் தீர்க்க வேண்டும் என்று அவருடைய பெயரின் பொருளையே தன் பெயராக வைத்துக்கொண்ட 'பிரைட் பாத் ஸ்ட்ராங்' அமைப்பு மனு எழுதியது. கையெழுத்திட்ட பல்லாயிரம் பேரில் பெரும்பாலோர் தோர்ப்பை நேரில் பார்த்திராதவர்கள். உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி.

இன்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. 1912-இல் அவர் கழுத்துக்கு வந்த அசல் பதக்கங்கள் பறிக்கப்பட்டபின் அருங்காட்சியகங்களுக்குப் போய், அங்கிருந்து திருடு போயின. இன்றுவரை கிடைக்கவில்லை. எந்த வீட்டுப் பெட்டியிலாவது அவை இருந்தால், தயவுசெய்து தோர்ப் குடும்பத்திடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த நன்றி மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
ஒரு தடகளப் பயிற்சியாளர்