களத்தடுப்பாளரின் சொல்லுக்கு மதிப்பு வேண்டும்: சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் கிரிக்கெட் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கேமராவோ மூன்றாவது நடுவரோ இல்லாத மைதானங்களில் நடக்கும் கிளப் ஆட்டங்களுக்குப் பல ஆண்டுகளாக நடுவராக நின்றுவருபவன் என்ற ஒரே தகுதியில் இந்த மடலை எழுதுகிறேன். தாங்கள் வகுக்கும் நடத்தை விதிகள் எங்கள் ஆட்டங்களை நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் தொலைக்காட்சியில் எது தண்டிக்கப்படுகிறது, எது கண்டும் காணாமல் விடப்படுகிறது என்பதைப் பார்த்துத்தான் எங்கள் பிள்ளைகள் ஆடக் கற்றுக்கொள்கிறார்கள்.

சென்ற பருவத்தில் நடந்த ஓர் ஆட்டம் என் மனத்தை விட்டு இன்னும் அகலவில்லை. ஸ்லிப்பில், அதாவது பேட்ஸ்மேனுக்குப் பின்னால் விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில், நின்ற பதினாறு வயதுப் பையன் ஒருவன், தாழ்வாக வந்த பந்தை முன்னால் பாய்ந்து எடுத்தான். பந்துவீச்சாளரின் உடம்பு குறுக்கே வந்து எனக்கு மறைத்துவிட்டது. ஸ்கொயர் லெக்கில் நின்ற சக நடுவரும் தெரியவில்லை என்று தலையசைத்தார். அணி முழுவதும் கைகளைத் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தது. நான் அவனருகே சென்று, "பந்து நேராகக் கைக்கு வந்ததா, தம்பி?" என்று கேட்டேன். அவன் கையை விரித்துப் பார்த்தான். விரல் நுனிகளில் மண் ஒட்டியிருந்தது. "இல்லை சார், தரையில் பட்டுத்தான் வந்தது" என்றான். பேட்ஸ்மேன் தொடர்ந்து ஆடினார். ஆட்டமும் அவர்கள் கையை விட்டுப் போனது. அந்த ஓவர் முடிந்ததும் கேப்டன் அவனைப் பவுண்டரி கோட்டுக்கு அனுப்பினான். "நீ சொல்லாம இருந்திருந்தா யாருக்குடா தெரியும்?" என்று அவன் கேட்டது என் காதில் தெளிவாக விழுந்தது.

அந்தக் கேள்விக்கு நான் மட்டும் பதில் சொன்னால் போதாது என்பதால்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

'கிரிக்கெட்டின் உணர்வு' என்ற தலைப்பிலான முகவுரை 2000ஆம் ஆண்டில் ஆட்ட விதிகளில் சேர்க்கப்பட்டது. நல்ல நோக்கத்தோடுதான் சேர்த்தார்கள். ஆயினும் அந்த ஒரே சொற்றொடருக்குள் பெருந்தன்மையும் நேர்மையும் கலந்து கிடக்கின்றன என்பதே என் மனக்குறை. 1980இல் பம்பாயில் நடந்த பொன்விழா டெஸ்டில், 5 விக்கெட்டுக்கு 58 என்று இங்கிலாந்து தடுமாறிக்கொண்டிருந்த வேளையில், அவுட் கொடுக்கப்பட்ட பாப் டெய்லரை இந்தியக் கேப்டன் விஸ்வநாத் திரும்ப அழைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் எடுத்தார்கள், இந்தியா தோற்றது. 1987 உலகக் கோப்பையில் லாகூரில், கடைசிப் பந்தை வீச ஓடிவந்த கோர்ட்னி வால்ஷ், பந்து வீசப்படுமுன்பே கிரீஸ் கோட்டை விட்டு வெளியேறியிருந்த எதிர்முனை பேட்ஸ்மேனை ரன் அவுட் செய்யாமல் நின்றார். மேற்கிந்தியத் தீவுகள் அந்த ஆட்டத்தை இழந்தது, அரையிறுதிக்கும் போகவில்லை. இருவரையும் நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் அது பெருந்தன்மை. மனம் உவந்து கொடுப்பதை விதியாக்கவும் முடியாது, கொடுக்காதவரைக் குற்றவாளி என்று சொல்லவும் முடியாது.

நடப்பதோ இதற்கு நேர்மாறாக இருக்கிறது. 1947இல் சிட்னியில், அதேபோல் கிரீஸை விட்டு முன்கூட்டியே வெளியேறிய ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை ரன் அவுட் செய்த இந்தியப் பந்துவீச்சாளர் வினு மன்கடின் பெயரே ஒரு வசைச்சொல்லாகிவிட்டது. எதிரணியின் கேப்டனாக இருந்த பிராட்மன் அவர் பக்கம் நியாயம் இருப்பதாகப் பின்னாளில் எழுதியும் அந்தக் கறை போகவில்லை. 2022இல் லார்ட்ஸில் தீப்தி சர்மா அதையே செய்தபோது எழுந்த கூச்சலைத் தாங்களே கேட்டிருப்பீர்கள். அதே ஆண்டு அக்டோபரில் அமலுக்கு வந்த விதித் திருத்தம், இந்த ரன் அவுட்டை 'முறையற்ற ஆட்டம்' என்ற பிரிவிலிருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட் விதியோடு சேர்த்தது. விதி மாறியும் வர்ணனையாளர்களின் குரல் மாறவில்லை. பந்து வீசப்படுமுன்பே இரண்டடி திருடிக்கொண்டு ஓடுகிறவருக்குப் பரிவும், அதைத் தடுப்பவருக்கு ஏச்சும் கிடைக்கின்றன. விதிக்கு உட்பட்ட ஒன்று கண்ணுக்கு அழகாக இல்லையென்றால் விதியைத் திருத்துவதுதான் வழி. 1981இல் மெல்போர்னில், எதிரணி சிக்ஸர் அடிக்க முடியாதபடி கடைசிப் பந்தைத் தரையோடு உருட்டிவிடச் சொன்னார் ஆஸ்திரேலியக் கேப்டன் கிரெக் சாப்பல்; அன்றைய விதி அதைத் தடுக்கவில்லை, பிறகு விதி திருத்தப்பட்டது, விவகாரம் முடிந்தது.

பொய் வேறு. பிடிக்காத கேட்சைப் பிடித்ததாகக் கோருவதும், நடுவர் பார்க்காத நேரத்தில் பந்தைச் சுரண்டுவதும் ஆட்டத்தின் அழகு பற்றிய வாதங்களே அல்ல. சிறு பிள்ளைகள்கூட அதை 'அழுகுணி ஆட்டம்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள். 2018 மார்ச்சில் கேப் டவுனில் ஆஸ்திரேலிய வீரர் பேங்கிராஃப்ட், பந்தைச் சுரண்டிய உப்புத்தாளைக் கால்சட்டைக்குள் மறைத்தார், நடுவர்கள் கேட்டபோது கறுப்புத் துணி ஒன்றை எடுத்துக் காட்டினார், அன்று மாலை செய்தியாளர்களிடம் அது ஒட்டுநாடா என்றார். ஒரே நாளில் மூன்று பொய்கள். அதற்குத் தாங்கள் கொடுத்த தண்டனை: கேப்டன் ஸ்மித்துக்கு ஒரு டெஸ்ட் தடையும் முழு ஆட்டக் கட்டண அபராதமும், பேங்கிராஃப்டுக்கு 75 சதவீத அபராதமும் மூன்று குறைப்புள்ளிகளும். ஸ்மித்துக்கும் வார்னருக்கும் 12 மாதங்கள், பேங்கிராஃப்டுக்கு 9 மாதங்கள் என்று தடை விதித்தது அவர்களுடைய சொந்த வாரியம். குற்றத்தின் எடையை வீட்டார் உணர்ந்த அளவுக்கு நீதிபதி உணரவில்லை என்றே அன்று எங்களுக்குத் தோன்றியது. சில மாதங்களில் தாங்கள் உச்சபட்சத் தண்டனையை ஆறு டெஸ்ட் வரை உயர்த்தியதையும், ஏமாற்றி ஆதாயம் தேட முயல்வதைத் தனிக் குற்றமாகச் சேர்த்ததையும் நன்றியோடு குறிப்பிடுகிறேன். அந்தப் பிரிவு ஏட்டோடு நின்றுவிடக் கூடாது என்பதே என் கவலை.

கேட்ச் விஷயத்தில் தாங்கள் ஒருமுறை சரியாக நடந்துகொண்டீர்கள். 2013 சாம்பியன்ஸ் கோப்பையில் தரையில் நழுவிய பந்துக்குக் கேட்ச் கோரிய மேற்கிந்தியத் தீவுகள் விக்கெட் கீப்பர் ராம்தினுக்கு இரண்டு ஒருநாள் ஆட்டத் தடையும் முழுக் கட்டண அபராதமும் விதிக்கப்பட்டன. தண்டனை சரி, ஆனால் அதற்கு இட்ட பெயர் 'விளையாட்டின் உணர்வுக்கு மாறான நடத்தை'. அதற்கடுத்த மாதமே டிரெண்ட் பிரிட்ஜில் இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் பிராட், பந்து மட்டையில் பட்டு ஸ்லிப்பில் பிடிக்கப்பட்ட பிறகும் அசையாமல் நின்றார்; நடுவர் அவுட் கொடுக்கவில்லை. இரண்டும் ஒன்றுதானே என்று உலகம் முழுவதும் கேட்டார்கள். 'உணர்வு' என்ற மங்கலான சொல்லை வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்லவே முடியாது. நான் சொல்வேன்: பிராட் தீர்ப்புக்காகக் காத்திருந்தார், அந்த உரிமை விதியிலேயே இருக்கிறது. 2003 உலகக் கோப்பை அரையிறுதியில் நடுவர் அவுட் கொடுக்காதபோதும் தானாகவே வெளியேறிய ஆஸ்திரேலியாவின் கில்கிறிஸ்டை அதற்காகவே கூடுதலாக மதிக்கிறேன். காத்திருந்தவரைத் தண்டிக்கச் சொல்ல மாட்டேன். கேட்ச் கோருகிறவரோ நடக்காத ஒன்றை நடந்ததாக நடுவரிடம் சொல்கிறார். மௌனத்துக்கும் பொய்ச் சாட்சிக்கும் உள்ள தூரம் அது.

களத்தடுப்பாளரின் சொல்லை நம்பி ஆடலாம் என்று இந்திய, ஆஸ்திரேலியக் கேப்டன்கள் இருவருமே ஒப்புக்கொண்ட காலமும் இருந்தது. 2008 ஜனவரியில் சிட்னியில் கங்குலி அடித்த பந்து சரியாகப் பிடிக்கப்பட்டதா என்ற சர்ச்சையோடு அந்த ஒப்பந்தம் முறிந்தது. பெரிய ஆட்டங்களில் அந்த இடத்தைக் கேமரா எடுத்துக்கொண்டது. எங்களுக்கு அந்த வசதி கிடையாது. விரல் நுனியில் மண்ணோடு நிற்கும் ஒரு பையனின் சொல்தான் இருக்கிறது.

ஆகவே தங்களிடம் இவற்றைக் கேட்கிறேன். தரையில் பட்டதை அறிந்தே கேட்ச் கோரியது ரீப்ளேயில் ஐயமின்றித் தெரியும்போது, பேட்ஸ்மேனை ஆட அனுமதித்ததோடு விட்டுவிடாமல், நடத்தைக் குற்றங்களை விசாரிக்கும் மேட்ச் ரெஃப்ரி அதை ஏமாற்று என்ற பிரிவிலேயே விசாரிக்க வேண்டும். கீழே விழுந்து உருளும் களத்தடுப்பாளருக்குத் தனக்கே தெரியாமல் போவது உண்டு. அந்த ஐயத்தின் பலன் அவருக்கே போகட்டும். அணியில் ஒருவர் பந்தைச் சுரண்டினால் கேப்டன் எனக்குத் தெரியாது என்று ஒதுங்க முடியாதபடி அவரையும் பொறுப்பாக்க வேண்டும். விதிக்கு உட்பட்ட ரன் அவுட்டுக்காக எந்த வீரரும் வீராங்கனையும் தூற்றப்படும்போது, தங்கள் அமைப்பு வாய் திறந்து அவர் பக்கம் நிற்க வேண்டும்.

இன்னொன்று, செலவில்லாதது. தண்டனை அறிவிப்புகளில் 'உணர்வுக்கு மாறான நடத்தை' என்று எழுதாமல், 'பந்து தரையில் பட்டது தெரிந்தும் கேட்ச் என்று நடுவரிடம் கோரினார்' என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். அப்படி ஓர் அறிவிப்பு வரும் நாளில் அதை அச்செடுத்து எங்கள் உடைமாற்றும் அறைக் கதவில் ஒட்டுவேன். அந்தக் கேப்டன் இந்தப் பருவத்திலும் அந்தக் கதவைத் திறந்துதான் களத்துக்கு வருகிறான்.

இப்படிக்கு,
ஒரு கிளப் ஆட்ட நடுவர்