நிறைந்தது டிஸ்க் அல்ல, ஒதுக்கிய இடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

காவேரிப்பட்டணம் பகுதியில் மாம்பழக்கூழ் ஆலை ஒன்றில் எடைமேடைக் கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். கடந்த பருவத்தில், பெங்களூரா காய் ஏற்றிய லாரிகள் வாசல்வரை நின்ற வேளையில், எடைச் சீட்டு அச்சாவது நின்றுபோனது. பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்தவர்கள் தொலைபேசியிலேயே தீர்ப்புச் சொன்னார்கள்: "டிஸ்க் நிறைந்துவிட்டது. புதிது வாங்குங்கள், அதுவரை பழைய பதிவுகளை அழித்து ஓட்டுங்கள்." அவர்கள் அழிக்கச் சொன்னது விவசாயிகளின் எடைக் கணக்கை. பணம் பட்டுவாடா ஆகாத கணக்கும் அதில் இருந்தது.

அந்தக் கணக்கு இருப்பது லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் சர்வரில். அதில் உள்ளது 1 டெராபைட் டிஸ்க். விற்பவர்கள் ஆயிரத்தின் மடங்கிலும் லினக்ஸ் 1024-இன் மடங்கிலும் எண்ணுவதால் அது 931 ஜிகாபைட்டாகத் தெரியும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் எவ்வளவு இடம் மீதி என்று காட்டும் டிஎஃப் கட்டளை தந்த கணக்கு வேறு: ஜிகாபைட்டில் மொத்தம் 98, பயன்பட்டது 93, மீதி 0. மற்ற எண்ணூற்றுச் சொச்சம் எங்கே போனது?

எங்கும் போகவில்லை. எங்கள் சர்வரில் இருப்பது, டிஸ்க் இடத்தைத் தேவைக்கேற்பப் பிரித்து ஒதுக்கும் எல்.வி.எம். முறை. இதில் டிஸ்க்கை முதலில் வால்யூம் குரூப் என்ற தொகுப்பில் சேர்க்கிறார்கள். அது வழக்கமாகத் தலா 4 மெகாபைட் துண்டுகளாகப் பிரிக்கப்படும். அந்தத் துண்டுகளில் வேண்டியதை எடுத்து லாஜிக்கல் வால்யூம் அமைத்து, அதன்மேல் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஏற்பாடான கோப்பமைப்பை எழுதுகிறார்கள். 100 ஜிகாபைட் என்றால் 25,600 துண்டுகள். டிஎஃப் பார்ப்பது மேலே உள்ள கோப்பமைப்பை மட்டுமே. ஒதுக்காமல் கிடக்கும் துண்டுகளைக் காட்டுவது விஜிஎஸ் கட்டளை. அதில் 'விஃப்ரீ' என்ற கட்டத்தில் 800-க்கும் மேல் இருந்தது. பத்து ஏக்கர் வைத்திருப்பவர் ஒரு ஏக்கரை மட்டும் உழுதுவிட்டு நிலம் போதவில்லை என்று சொன்ன கதைதான்.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு சர்வரின் அண்மைப் பதிப்புகளை எல்.வி.எம். முறையில் அப்படியே நிறுவினால், 200 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க்கில் 100 ஜிகாபைட்டை மட்டும் ஒதுக்கிவிட்டு மீதியைத் தொடாமல் வைக்கும். அது நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். பிறகு கூட்டிக்கொள்வது எளிது, குறைப்பதுதான் கடினம். எக்ஸ்எஃப்எஸ் கோப்பமைப்பை வழக்கமான முறையில் சுருக்கவே முடியாது. நிறுவியவர் இதை ஆலைக்குச் சொல்லாமல் போனதுதான் குறை.

98-இல் 93 போனால் 5 மீதி இருக்க வேண்டுமே என்று எங்கள் கணக்காளர் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் சர்வரில் உள்ள இஎக்ஸ்டி4 வகைக் கோப்பமைப்பு, வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், 5 சதவீத இடத்தைச் சர்வர் நிர்வாகிக்கென்று நிறுத்தி வைக்கிறது. எல்லாம் நிறைந்த நேரத்திலும் நிர்வாகி உள்ளே நுழைந்து வேலை பார்க்க முடிந்தது அதனால்தான்.

சர்வரை நிறுத்தாமலே இன்னொரு 100 ஜிகாபைட் சேர்த்தோம். லாஜிக்கல் வால்யூமை மட்டும் பெரிதாக்கினால் போதாது. மேலே உள்ள கோப்பமைப்பையும் நீட்ட வேண்டும். இல்லாவிட்டால் டிஎஃப் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். எல்வி எக்ஸ்டெண்ட் கட்டளையுடன் 'ஆர்' குறியீட்டைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றாக முடிந்துவிடும். சீட்டு மறுபடி அச்சாகத் தொடங்கியது. ஒரு பதிவும் அழியவில்லை.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. 'தின் பூல்' முறையில் கையில் இல்லாத இடத்தையும் இருப்பதாக ஒதுக்கலாம். அங்கே டிஎஃப் தாராளமாக மீதி காட்டும். அடியில் உண்மையான இடம் இருக்கும் பூல் நிரம்பிவிட்டால் எழுதுவது தடைபடும், பதிவுகள் பழுதாகவும் கூடும். எல்விஎஸ் கட்டளை காட்டும் டேட்டா சதவீதத்தைப் பார்ப்பவருக்கு மட்டுமே அது முன்கூட்டித் தெரியும்.

பால் கொள்முதல், கூட்டுறவுச் சங்கம், மருந்துக் கடை என்று நம் மாவட்டத்தில் சிறு சர்வர்கள் இல்லாத இடம் குறைவு. பராமரிப்புக்குப் பணம் கொடுப்பவர்கள் ஒன்றைக் கண்டிப்பாகக் கேளுங்கள்: பதிவை அழிக்கவோ டிஸ்க் வாங்கவோ சொல்லுமுன், டிஎஃப், விஜிஎஸ், எல்விஎஸ் மூன்றும் காட்டும் எண்களை எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். கூழ் ஆலைகள் இதைக் கொள்முதல் தொடங்குவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
எடைமேடைக் கணினிப் பணியாளர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.