உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தாயா?

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி இரண்டு மூன்று தடவை பார்த்தேன். உன் காரின் முன்பக்க இடது டயரின் உள்விளிம்பு மொட்டையாகிவிட்டது, வெளிப்பக்கம் புதுசு போல இருக்கிறது. அந்த டயர் போய்விட்டது, சந்தேகமே இல்லை. ஆனால் நாலையும் மாற்று என்று கடையில் சொன்னதும் தலையாட்டிவிடாதே. ஏன் தேய்ந்தது என்று பார்க்காமல் புது டயர் மாட்டினால், அந்தச் சக்கரம் அதையும் தின்றுவிடும்.

எனக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். ஒரு தடவை முன்னால் இரண்டு புது டயர் போட்டேன், அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் சரியான கோணத்தில் நிற்கின்றனவா என்று, பார்க்கவில்லை. வண்டி நேராகத்தானே போகிறது என்ற நினைப்பு. சில மாதம் கழித்துப் பஞ்சர் ஒட்டக் கழற்றினால், உள்பக்கம் கம்பி தெரிகிறது! இரண்டு சக்கரமும் ஒரே அளவு கோணிக்கொண்டிருந்தால் வண்டி எந்தப் பக்கமும் இழுக்காது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. நின்று பார்த்தால் கண்ணில் படுவதும் வெளிப்பக்கம் மட்டும்தான்.

அதனால் மற்ற டயர்களையும் நீயே பார்த்துவிடு. முன் டயருக்கு ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து நிறுத்தினால் உள்பக்கம் தெரியும். கம்பி நீட்டிக்கொண்டு இருக்கிறதா என்று முதலில் கண்ணால் பார், விரலைக் கிழித்துவிடும். இல்லையென்றால் உள்ளங்கையை வைத்துக் குறுக்காகத் தடவு. ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போய், திரும்பி வரும்போது ரம்பப் பல் மாதிரி கையில் மாட்டினால், அது டோ தப்பியிருப்பதால். டோ என்றால், மேலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவாக வைத்தே ஓட்டியிருக்கிறாய். நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம்.

அங்கங்கே குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பரையோ, சக்கரத்தின் எடை சமமாக இருக்கிறதா என்னும் பேலன்சிங்கையோ சந்தேகப்படு. அந்தக் குழி போடும் சத்தம் அப்படியே சக்கரம் சுழலும் பேரிங் போன சத்தம். உன் அம்மா "வண்டி ஊஊன்னு கத்துது" என்று சொன்னதும் நான் பேரிங்கை மாற்றி, சத்தம் போகாமல் முழித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

சரி, உன் வண்டிக்கு வருவோம். டோ மட்டும் தப்பியிருந்தால் பெரும்பாலும் முன் டயர் இரண்டுமே சேர்ந்து தேயும். உனக்கு இடது மட்டும் என்றால் எனக்குக் கேம்பர் மேல்தான் சந்தேகம், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு. பள்ளத்திலோ நடைபாதை ஓரத்திலோ பலமாக மோதினாயா? என்னிடம் மறைக்க வேண்டாம். நிறைய வண்டிகளில் முன்சக்கரத்தின் கேம்பரைத் திருகிச் சரி செய்ய வசதியே இருக்காது, டோ மட்டும்தான் மாற்றலாம். கேம்பர் தப்பினால் ஏதோ வளைந்திருக்கிறது, அல்லது சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷோ, அதன் மூட்டான பால் ஜாயின்டோ தொளதொளவென்று ஆகியிருக்கிறது. முதலில் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை ஆட்டிப் பார்க்கச் சொல். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டையும் பார்க்கட்டும். ஆட்டம் உள்ள வண்டிக்கு அலைன்மென்ட் செய்தால் கடை வாசல் தாண்டும் வரைகூட நிற்காது.

டயர் வாங்கினால் ஜோடியாக வாங்கு. மற்ற டயர்களின் பள்ளத்துக்குள் சின்ன மேடுகள் இருக்கும், 1.6 மில்லிமீட்டர் உயரம். தரையில் படும் ரப்பர் கட்டைகள், அதாவது பட்டன், அந்த மேட்டின் மட்டம் வரை தேயாமல், தேய்மானமும் சமமாக இருந்தால் மாற்ற அவசியமில்லை. புது ஜோடியைப் பின்னால் போடச் சொல். முன்சக்கரம் இழுக்கும் வண்டிக்கு இது எதற்கு என்று நானும் கேட்டிருக்கிறேன். ஈரத்தில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம், பின்பக்கம் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும்.

காற்று அளவு டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும், டயர் மேல் உள்ள எண் அதிகபட்சம் மட்டும்தான். ஓட்டுவதற்கு முன், டயர் சூடாகாமல் இருக்கும்போது பார். 8,000 அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை முன்பின் மாற்றிப் போடு.

அலைன்மென்ட் செய்வதற்கு முன்பும் செய்த பிறகும் எடுத்த அளவைப் பிரிண்ட் கேட்டு வாங்கி, படம் எடுத்து அனுப்பு. இடது முன்சக்கரத்தின் கேம்பர் எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அதுவரை நெடுஞ்சாலைப் பக்கம் போகாதே.

அன்புடன்,
அப்பா