கோடிங் தேர்வில் 'என்டர் எ நம்பர்' வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வாளையார் பகுதித் தமிழ்ப் பிள்ளைகள் பலர், படிப்பு முடிந்த கையோடு கோவை ஐ.டி. நிறுவனங்களின் ஆன்லைன் தேர்வு எழுதுகிறார்கள். ஆப்டிடியூட் எனும் திறனறி சுற்றில் நன்றாகச் செய்பவர்கள்கூட, புரோகிராம் எழுதும் கோடிங் சுற்றில் நின்றுபோகிறார்கள். லாஜிக் தெரியாமல் அல்ல. லேபில் ஊறிய பழக்கத்தால்.

'என்டர் எ நம்பர்' என்று திரையில் காட்டிவிட்டு எண்ணை வாங்கத்தான் லேபில் சொல்லித்தருகிறார்கள். ஆன்லைன் தேர்வில் அந்த வரியைப் படிக்க ஆள் இல்லை. புரோகிராம் அச்சிடுவதை எதிர்பார்க்கும் விடையோடு கணினியே ஒப்பிடுகிறது. விடை 15 என்றால் 15 மட்டும்தான் வரவேண்டும். 'என்டர் எ நம்பர் 15' என்று வந்தால் கணக்கு சரியாக இருந்தும் எல்லா டெஸ்ட் கேஸும் (விடையைச் சரிபார்க்கக் கொடுக்கும் உள்ளீடுகள்) போச்சு.

அடுத்தது, கண்ணில் காட்டாத டெஸ்ட் கேஸ்கள். பட்டியலின் மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்க, அதை வைக்கும் மேக்ஸ் என்ற மாறியை 0 என்று தொடங்கினால், -7, -3, -12 கொடுக்கும்போது -3க்குப் பதில் 0 வரும். பட்டியலின் முதல் எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். 1 முதல் 1,00,000 வரை கூட்டினால் 500 கோடியே 50 ஆயிரம். ஜாவா மொழியின் இன்ட் என்ற எண் வகை 214 கோடிச் சொச்சத்துக்கு மேல் தாங்காது. அதைவிடப் பெரிய எண்ணைத் தாங்கும் லாங் வகையைப் போடாவிட்டால் சம்பந்தமில்லாத எண் வந்து நிற்கும்.

கேள்வியின் அடியில் இருக்கும் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் (உள்ளீட்டின் வரம்புகள்) வரியைப் பிள்ளைகள் படிப்பதே இல்லை. எப்படி எழுத வேண்டும் என்பதை அந்த வரிதான் சொல்கிறது. உள்ளீட்டின் அளவான N 1,00,000 வரை போகும் என்றால், லூப்புக்குள் லூப் (திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை) போட்டால் 1,000 கோடி சுற்று. ஒரு நொடியில் சி++ செய்வது சுமார் 10 கோடி எளிய வேலை. பைத்தான் அதைவிட வெகு குறைவு. வரிசைப்படுத்தியோ டிக்ஷனரி (ஒவ்வொரு சாவிக்கும் ஒரு மதிப்பைச் சேமிக்கும் அமைப்பு) வைத்தோ ஒற்றை லூப்பில் முடிக்கப் பார்க்க வேண்டும்.

தேர்வின்போது லேப்டாப்பில் முழு சார்ஜும், பக்கத்தில் மொபைல் ஹாட்ஸ்பாட்டும் இருக்கட்டும். நோட்டிபிகேஷனைத் தொட்டு வேறு பக்கம் போனாலே முறைகேடு என்று பதிவாகும் தளங்கள் உண்டு.

நேர்முகத்தில் எஸ்.க்யூ.எல். (டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் மொழி) பெரும்பாலும் வரும். இடப்பக்க டேபிளின் எல்லா வரிசைகளையும் தரும் லெஃப்ட் ஜாயின் எழுதிவிட்டு, வலப்பக்க டேபிளின் மதிப்பை ஒப்பிடும் நிபந்தனையை வேர் (WHERE) பகுதியில் வைத்தால், பொருத்தமில்லாத வரிசைகள் உதிர்ந்து, பொருந்தியவற்றை மட்டும் தரும் இன்னர் ஜாயின் ஆகிவிடும். அந்த நிபந்தனை ஆன் (ON) பகுதிக்குப் போக வேண்டும். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு அஞ்சி வாயடைத்து உட்கார்ந்துவிடுவது எங்களுக்குப் பெரிய வருத்தம். நான்கு எண்களைத் தாளில் எழுதி, ஒவ்வொரு சுற்றிலும் எது எப்படி மாறுகிறது என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாலும் போதும், கேட்பவருக்கு விளங்கும்.

போன வருடக் கேள்விகளின் பிடிஎஃப்பைக் காசு கொடுத்து வாங்கி மனப்பாடம் செய்வதால் இதெல்லாம் வராது. எல்லைப்பகுதிக் கல்லூரிகள் சனிக்கிழமைதோறும் 2 மணி நேரம் லேபைத் திறந்துவிட்டு, கெடிகாரம் வைத்துத் தேர்வு நடத்த வேண்டும். முதல் செமஸ்டர் ரெக்கார்டு நோட்டிலிருந்தே அந்த 'என்டர் எ நம்பர்' வரியை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கணினிப் பயிற்றுநர்கள்,
கொழிஞ்சாம்பாறை